புகாரைத் திரும்ப வாங்கிய காரணம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு தலைவலி காய்ச்சல்கூட அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், இரண்டு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று, பொய் எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஆபீசில் வைத்துப் பிரிக்காதே, வீட்டுக்குப் போய் நிதானமாகப் படி.

குழாய் வேலை பார்த்த காண்ட்ராக்டரோடு எனக்கு வந்த சண்டை உனக்குப் பாதி தெரியும். போன வருஷ நடுவிலிருந்தே வீட்டில் தண்ணீர் திடீரென்று நிற்கும், ஒரு மணி நேரம் கழித்துத் தானே வரும். குழாய் பழசு, உள்ளே துரு அடைத்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, லைசென்ஸ் உள்ள ஆளாகத் தேடிப் பிடித்து, கீழும் மாடியும் எல்லாக் குழாயையும் பிடுங்கிப் புதிதாகப் போட வைத்தேன். வேலை சுத்தம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் பத்து நாள்கூட ஆகவில்லை, பழையபடி பதினோரு மணியானால் குழாய் காற்றைத் துப்பியது. தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் புகைந்துபோனது. மாடியில் குடியிருந்த தையல்காரம்மா தலை நிறைய சோப்பு நுரையோடு படியில் நின்று கத்தியது தெருவுக்கே கேட்டது, அந்த வாரமே காலி செய்துவிட்டாள். காண்ட்ராக்டரை நான்கு தடவை கூப்பிட்டேன், நான்கு தடவையும் வந்தார், பின்பக்கம் போவார், தண்ணீர் வந்துவிடும். நான்காம் தடவை மெதுவாக, “யாரோ பின்சுவர் வால்வ மூடுறாங்கம்மா, வீட்டுல கொஞ்சம் கவனிச்சுக்குங்க” என்றார். எனக்கு வந்ததே கோபம். “ஆமா, பேய் வந்து மூடுது! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் என் தோளுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் பார்த்தார், பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னால் நிற்பது யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாளே லைசென்ஸ் கொடுக்கிற அலுவலகத்தில் போய், ஏமாற்றுக்காரர், வேலை தெரியாதவர் என்று இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தேன். நான் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்கிறவள் என்பாயே, அதேதான். விசாரணை முடிகிறவரை அவர் புது வேலை எடுக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தார்கள். அதில் அவர் கைக்கு வந்த பள்ளிக்கூடக் கட்டட வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது என்று பிறகு தெரிந்தது.

போன புதன்கிழமை காலையில் அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா நேரில் பார்க்க வந்தார், காண்ட்ராக்டரும் வந்தார். எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு அழுத்தம் அளந்தார்கள், குறையே இல்லை. அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த நேரம், மூன்று பேர் கண்முன்னாலேயே, சமையலறைக் குழாய் நூலாகி நின்றுபோனது. மணி பதினொன்று. பாத்தீங்களா என்று நான் ஜெயித்த மாதிரி கையை நீட்டினேன். காண்ட்ராக்டர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா பின்கதவைத் திறந்துகொண்டு நடந்தார், நானும் போனேன். உன் அப்பா பழைய காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்பேனரோடு வால்வுக்கு முன்னால் குந்தியிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று அந்த அம்மாவிடம், “இந்தப் பக்கம் மூடியாச்சு மேடம், அந்தப் பக்கம் திறக்கச் சொல்லலாம்” என்றார். முப்பத்தோரு வருஷம் நீரேற்று நிலையத்தில் வால்வு பார்த்த மனுஷன். சுவரில் பென்சிலால் வரிசை வரிசையாக மூடிய நேரம், திறந்த நேரம், தேதி. முத்து முத்தான அவர் கையெழுத்து. குழாய் மாற்றுவதற்கு ஐந்து மாதம் முந்திய தேதிகூட இருந்தது. பழைய குழாயிலும் ஒரு குற்றமும் இல்லை, கண்ணு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பதினோரு மணிக்கு அவர் எங்கே போகிறார் என்று ஒரு நாள்கூட நான் பார்க்கவில்லை.

மூடுவது யார் என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று காண்ட்ராக்டரைக் கேட்டேன். “ரெண்டாவது தடவையே பாத்துட்டேன்மா. ஐயா என் கையப் புடிச்சுக்கிட்டு, இன்னைக்கு அஞ்சு நிமிஷம் லேட்டாயிடுச்சு, மேல சொல்லிடாதீங்கன்னு கண்கலங்குனாரு. அதுக்கப்புறம் எனக்கு எப்படிம்மா வாய் வரும்? கைப்பிடிய மட்டும் கழட்டி வெச்சுட்டுப் போனேன், ஐயா ஸ்பேனர் எடுத்துட்டாரு” என்றார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது. அதிகாரி அம்மா, புகாரைத் திரும்ப வாங்குவதாக எழுதிக் கொடுங்கள், காரணத்தையும் எழுத வேண்டும் என்றார். இரண்டு பக்கம் மளமளவென்று எழுதியவளுக்கு அந்த ஒரு வரி எழுத அரை மணி ஆயிற்று. என் கணவருக்கு நினைவு தவறுகிறது. அதை அதுவரை நான் வாயால்கூடச் சொன்னதில்லை. கண்ணாடியை மறப்பதும், சாப்பிட்டதை மறந்து திரும்பத் தட்டெடுத்து வைப்பதும் வயசானால் வருவதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். விவகாரம் தீர்ந்தது, காண்ட்ராக்டர் பேர் சுத்தமாகிவிட்டது. போன வேலை போனதுதான்.

அவர் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன். அவர் மறுநாள் வந்து வால்வுக்கு இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டினார். பக்கத்திலேயே எதிலும் சேராத ஒரு பழைய வால்வைப் பொருத்தி, ஐயா இதைத் திறந்து மூடிக்கொண்டிருக்கட்டும் என்றார். எனக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் உன் அப்பா குழாய்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “இதுல தண்ணி ஓடலையே, என்னை வேலையிலேருந்து எடுத்துட்டாங்களா?” என்று கேட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து பின்பக்கமே போவதில்லை, பகலெல்லாம் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அவருக்கு இருந்த ஒரு வேலையையும் நானே பிடுங்கிவிட்டேனோ என்று இருக்கிறது. டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், வேகம் குறையலாம், போனது திரும்பாது என்று சொல்லிவிட்டார்.

லீவு கிடைக்கவில்லை என்று மனதை உடைத்துக்கொள்ளாதே, ஆனால் எந்த மாதம் வர முடியும் என்று மட்டும் பார்த்துச் சொல். தள்ளிப்போடாதே. நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தைக்கு முன்னால் அழாதே, மாப்பிள்ளையிடம் மறைக்காமல் சொல். நீங்கள் மூன்று பேரும் நிறைந்த ஆயுசோடு, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டு வாழ வேண்டும்.

ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, எப்போதும் போல “நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்” என்று அப்பாவிடம் விளையாடாதே. எடுத்ததும் “அப்பா, நான்தான், உங்க பொண்ணு” என்று சொல்லிவிட்டுப் பேசு. போன தடவை நீ வைத்த பிறகு, “ரொம்ப அன்பாப் பேசுது, யாரு அந்தப் பொண்ணு?” என்று என்னிடம் கேட்டார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா