கூழ் சாப்பாட்டில் சேர்த்தியில்லை

3.3.2025
அப்பாவை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. குடலிறக்கம். ஆட்டுக்குப் பின்னால் நடக்கிறவர். மூன்று வருஷமாக வேட்டியை இறுக்கிக் கட்டியே சமாளித்திருக்கிறார். பக்கத்துக் கட்டில் யோகராஜ் அண்ணாச்சி, நான் யாரென்று கேட்டார். "எம் மவ ரேணுகா. இங்கன என்னமோ வேலை பாக்கா" என்றார் அப்பா.

என்னமோ வேலை! மயக்க மருந்து டெக்னீஷியனாகி நாலு வருஷம்.

4.3.2025
மயக்கம் கொடுக்கப்போவது டாக்டர் கற்பகம். அப்பாவுக்குப் பீடியால் கெட்ட நெஞ்சு. அதனால் முழு மயக்கம் வேண்டாம், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்போம் என்றார். அப்பா மசியவில்லை. "முதுகுல ஊசி போட்டா காலம்பூரா வலிக்குமாம்ட்டி. முழுசாத் தூங்க வச்சிரு. இல்லன்னா நம்மூரு இடைசெவலுக்கு பஸ் ஏறுதேன்."

உட்கார்ந்து சொன்னேன். அண்ணாச்சிக்கு விரலில் சின்னக் கட்டி, அந்த இடம் மட்டும் மரத்தால் போதும். உங்களுக்கு இடுப்புக்குக் கீழே. முழு மயக்கமென்றால் தொண்டையில் குழாய் விட்டு மூச்சையே நாங்கள் பார்க்க வேண்டும். உங்கள் நெஞ்சு தாங்காது. ஊசி போட்ட இடம் ரெண்டு நாள் வலிக்கலாம், ஆயுசுக்கும் வலிக்காது.

"நீ பக்கத்துல நிப்பியா?"

நிற்பேன் என்றேன். தலையாட்டினார்.

5.3.2025
இன்று காலை ஆபரேஷன் என்று குறித்திருந்தோம். ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடலையே என்று நர்ஸ் கேட்டதற்கு, இல்லை என்றாராம் அப்பா. தாளிலும் குறித்தாயிற்று. எனக்குத் தெரியாதா எங்கள் வீட்டு ஆட்களை? "எந்திரிச்சு என்ன குடிச்சீய?" என்றேன்.

"ஒங்கம்மா கொண்டாந்த கம்மங்கூழு, ரெண்டு செம்பு. அது என்னட்டி சாப்பாடு?"

முதுகு ஊசி பிடிக்காமல் முழு மயக்கத்துக்குப் போயிருந்தால்? கூழ் மேலேறி நுரையீரலுக்குள் — உயிரே போயிருக்கும். ஆபரேஷனை நாளைக்குத் தள்ளிவைத்தோம். "நீ கேட்டியோ, பிழைச்சோம்" என்றார் டாக்டர். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க? அப்புறம் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

6.3.2025
நல்லபடியாக முடிந்தது. பாதி ஆபரேஷனில், "ஒங்கம்மா கிடாய்க்குத் தண்ணி வச்சாளா?" என்று கேட்கிறார் மனுஷன்!

9.3.2025
கேள்வித்தாளைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். 'சாப்பிட்டீர்களா?' என்பதற்குக் கீழே இன்னொரு வரி: 'கூழ், நீராகாரம், காபி ஏதாவது குடித்தீர்களா?' என் வரி.

அப்பாவிடம் காட்டலாமென்று வார்டுக்குப் போனேன். நாளை ஆபரேஷனுக்கு வந்திருக்கும் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார். "பயப்படாதீய அண்ணாச்சி. எங்க மரக்க வைக்கணும், யாரை முழுசாத் தூங்க வைக்கணும், எல்லாம் எம் மவளுக்கு அத்துப்படி. காலையில கூழு மட்டும் குடிச்சிராதீய, கண்டுபிடிச்சிருவா. மயக்க மருந்து டெக்னீஷியன்லா அவ!"

டெக்னீஷியன் என்பதைத் தடுமாறாமல் சொன்னார். யாரிடம் கேட்டுப் பழகினாரோ.