இரண்டு சாவிப் பூட்டு

பங்காளி, யாருமே நம்பப்போகாத கதை ஒன்றை உனக்குச் சொல்லப்போகிறேன். இது சத்தியம்.

உன் காரியமெல்லாம் முடிந்து, இன்று காலை உன் வீட்டுக்காரம்மா உன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூடியைத் திறந்ததும் நம் கூட்டுப் பட்டறையின் கூலண்ட் எண்ணெய் வாசனை. அது அடித்த அடியில் மூக்கண்டப்பள்ளி டவுன் பஸ் வாசலில் நின்று, என்ன ஏது என்று விசாரித்துவிட்டுப் போனது.

"அண்ணா, அவரு போட்ட டிராயிங் எல்லாம் இதுக்குள்ளதான் பூட்டியிருக்கு. நீங்க தொறந்தாத்தான் திங்கக்கெழம மெஷின் ஓடும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. டிராயிங்கை எவனும் திருடக்கூடாது என்று நாம் என்கிரிப்ஷன் போட்ட நாள் மறக்குமா? செட்டிங்ஸ் கோப்பில் எந்தப் பூட்டுமுறை முதலில், எது கடைசியில் என்று நீ வரிசை போட்ட அழகு! பந்தியில் சம்பந்திகளை உட்காரவைப்பவன்கூட அவ்வளவு யோசித்திருக்க மாட்டான். பழைய, சொத்தையான முறையைக் கண்டால், "இத வாசப்படி மிதிக்க விடாத குரு" என்பாய். கெலவரப்பள்ளி அணை மதகு தானாகத் திறந்தாலும் நம் கோப்பு திறக்காது என்று ஊரெல்லாம் அறிவித்தேன். அணைக்கே பொறாமை.

பிறகு உன் செட்டிங்ஸில் என் பெயர், என்னுடையதில் உன் பெயர். யார் பூட்டினாலும் இருவரில் எவர் சாவி போட்டாலும் திறக்கும்.

"நான் போய்ட்டா நீ தொற. நீ போய்ட்டா நான் தொறக்கறேன். ஆய்த்தா?" என்று, சரிதானே என்பதைக் கன்னடத்தில் கேட்டாய்.

"நீ எங்கடா போவ? அத்திப்பள்ளி தாண்டுனாலே உனக்குத் தல சுத்தும்."

இன்று என் சாவியைப் போட்டேன். திறக்கவில்லை. உன் செட்டிங்ஸ் கோப்பைப் பார்த்தேன். என் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு ஹேஷ் குறி, #. அது முன்னால் நின்றால் அந்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிவிடும். அழித்திருந்தால்கூடக் கை தவறிவிட்டது என்று என்னைத் தேற்றியிருப்பேன். ஆளை உள்ளே உட்காரவைத்து வாயைக் கட்டியிருக்கிறாய்.

"அத்திப்பள்ளில தனியாப் பட்டறை போட ஷெட் பாத்துட்டிருந்தாரே, உங்ககிட்ட சொல்லலியாண்ணா?"

"சொன்னாம்மா," என்றேன். "பூட்டுதான் கெட்டுப்போச்சு. டிராயிங்க மறுபடி போட்டுக்கலாம்."

அவர் போனதும் உன் பெயருக்கு முன்னால் ஆயிரம் ஹேஷ் அடித்தேன். அந்தச் சத்தத்தில் மத்திகிரி பண்ணை மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

பஸ் பொய், பங்காளி. மாடுகளும் பொய். அந்த ஆயிரம் ஹேஷும் பொய். உன் பெயர் என் கோப்பில் ஹேஷ் இல்லாமல்தான் இருக்கிறது, நான் பூட்டுவதெல்லாம் இன்னும் உன் சாவிக்குத் திறக்கும்.

நீ போட்டாயே ஒன்று, அது மட்டும் நிஜம்.