எர்குலானோ வாத்தியாரின் சம்பளம்

லோமா செக்கா,
கெரேரோ மலைநாடு,
நவம்பர் 23.

அன்புள்ள பிதென்சியோவுக்கு,

எவுலாலியா எழுதுவது. ஆப்பிள் தோட்டத்தில் உறைபனி விழுந்துவிட்டது என்றீர்களே, கையுறை வாங்கினீர்களா? போனில் எதுவும் பேச முடியவில்லை. இங்கே சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்; அங்கே மாமூல் வசூலிக்கும் கும்பலின் ஆள் எப்போதும் உட்கார்ந்திருக்கிறான். அதனால் வடக்கே உங்கள் பக்கம் வேலைக்குத் திரும்பும் செலியாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன திங்கள் காலை கொடிவணக்கம் முடிந்ததும் மூன்று பேர் துப்பாக்கியோடு பள்ளிக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவன் நாபோர், ரொட்டிக்காரி தோமாசாவின் மூத்த மகன். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். வாத்தியார்கள் ஏழு பேரையும் என் அறையில் நிறுத்தினான். "டீச்சர், எல்லார் பேரும் எழுதுங்க. பக்கத்துல சம்பளம். டிசம்பர் போனஸ்ல பாதி எங்களுக்கு. எழுத்து அழகா இருக்கணும், என்னைய எத்தனை தடவை திருப்பி எழுத வச்சீங்க" என்றான்.

தலைமையாசிரியை நான்தானே, எழுதினேன். எர்குலானோ வாத்தியாருக்கு முப்பத்தொரு வருடச் சர்வீஸ், மாதம் இருபத்திரண்டாயிரம் பெசோ. எங்களில் அதிகம் அவருக்குத்தான். அதில் பெரும்பங்கு அவர் மனைவியின் டயாலிசிஸுக்குப் போய்விடுகிறது. அவர் பெயருக்குப் பக்கத்தில் நான் பதினான்காயிரம் என்று குறைத்து எழுதினேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான்.

நாபோர் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். எங்கள் சம்பள விவரம் முழுவதும் அவனிடம் ஏற்கெனவே இருந்தது. "இந்தப் பொய் யாரோடது?" என்று கேட்டான்.

நான் பேனாவை மூடினேன். எர்குலானோ முன்னால் வந்து, "என்னோடதுதாண்டா. நான் சொன்னதை டீச்சர் எழுதினாங்க, அவ்வளவுதான்" என்றார்.

அவருடைய வலது கையை என் மேசைமேல் விரிக்கச் சொன்னான். துப்பாக்கிக் கட்டையால் நான்கு அடி. இரண்டாவது அடியிலேயே எலும்பு வெளியே வந்துவிட்டது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். அவர் கத்தவில்லை. கத்தியது நான், அதுவும் வெறும் சத்தம், சொல்ல வேண்டியது வரவில்லை. போகும்போது நாபோர், "பொய்க்கு அபராதம். இனிமே பாதி கிடையாது, முழு போனஸும் வேணும்" என்றான்.

போலீஸிடம் போகலாமே என்பீர்கள். அவர்கள் வந்து இறங்கியதே போலீஸ் வண்டியில்தான்.

எர்குலானோவுக்கு இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். யாரும் போய்ப் பார்க்கவில்லை. "பெரியவரு தன் காசைக் காப்பாத்திக்க எங்க தலையில கல்லைப் போட்டுட்டாரு" என்று ரூபன் வாத்தியார் கடைத்தெருவிலேயே பேசுகிறார். நேற்று எர்குலானோ வீட்டுக் கதவில் யாரோ பன்றிக் குடலை எறிந்திருக்கிறார்கள். நோயாளி மனைவிதான் அதைக் கழுவினாள்.

நான் மட்டும் போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "சும்மா இருங்க டீச்சர். என் கை போயிடுச்சு. உங்க கையும் எதுக்குப் போகணும்?" என்றார். அவர் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பொய் என்னுடையது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். எழுந்து, அந்தத் தொகையை எழுதியது நான்தான் என்று சொல்லப்போகிறேன். தோமாசாவும் வருவாள்; அவள் மகன் காதுக்கு அன்றே போய்விடும். யோசித்துத்தான் முடிவெடுத்தேன்.

நம் மகள் இட்சேலை ஞாயிறன்றே புவேப்லாவில் உங்கள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவளுடைய சான்றிதழ்கள் பெட்டியின் அடியில் இருக்கின்றன. இனி அந்த வீட்டுக்கே போன் செய்யுங்கள். கிறிஸ்துமஸுக்கு இந்த ஊருக்கு வர வேண்டாம். நேரே அவளிடம் போங்கள். கணக்கில் தடுமாறுகிறாள், திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.

குவாதலூப்பே மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உங்கள் மனைவி,
எவுலாலியா