அப்பாவும் உன் சிலாஜித் டப்பாவும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நான் நலம், என் தையல் மெஷின் நலம், கீழே அப்பாவின் மோட்டார் பட்டறையும் நலம். அப்பா நலம் என்று எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

போன் இருக்கும்போது இவள் எதற்குக் கடுதாசி போடுகிறாள் என்று சிரிக்காதே. வீட்டில் இருப்பது ஒரே போன். மெசேஜ் வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவர்தான் முதலில் படிக்கிறார். எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனால், "என்னடி ரகசியம்?" என்று பின்னாலேயே ஏறி வருகிறார். அந்த வீங்கின காலோடு அவர் படியேறுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஆமாம், கால் வீங்கித்தான் இருக்கிறது. மழையில் நனைந்து செருப்பு சுருங்கிவிட்டது என்று முதலில் செருப்பின் மேல் பழியைப் போட்டார். பிறகு முகமும் உப்பிப்போயிற்று. இழுத்துக்கொண்டு போய் ரத்தம் சோதித்தேன். இரண்டு கிட்னியும் பலவீனமாகிக்கொண்டு வருகிறதாம். பிரஷர் மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, "ஒண்ணுமில்லைங்க, சோறுதான்" என்று பச்சைப் புளுகு புளுகினார். நான் பையிலிருந்து நீ அனுப்பிய சிலாஜித் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். என்னை முறைத்தார் பார், கட்டின புருஷனைக் காட்டிக்கொடுத்தால்கூட யாரும் அப்படி முறைக்கமாட்டார்கள்.

டாக்டரம்மா மூடியைத் திறந்து, தார் மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததை முகர்ந்து பார்த்தார். "மலைப்பாறையில கசியற பிசின்னு சொல்றாங்க, சரி. இதுல என்ன உலோகம் எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. இதுதான் காரணம்னும் நான் சொல்லல. ஆனா உங்க கிட்னி இருக்கற நிலைமைக்கு இன்னைக்கே நிறுத்திடுங்க. இல்லைன்னா டயாலிசிஸ்லதான் கொண்டுபோய் விடும்" என்றார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

நிறுத்தவில்லை. மறுநாள் காலையிலேயே, மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும்போது அதன் காடிக்குள் காகிதத்தைத் தள்ளுவதற்கு வைத்திருக்கிறாரே மூங்கில் சில்லு, அதன் நுனியில் பட்டாணி அளவு தோண்டி எடுத்து வெந்நீரில் கலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரே மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்துவிட்டார்.

உன் சரக்கு நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. கரைத்து, வடிகட்டி, வெயிலில் காயவைத்து நீ எவ்வளவு பாடுபடுகிறாய் என்று எனக்குத் தெரியும். ஊரெல்லாம் அதைச் சாப்பிட்டு மலையைப் புரட்டட்டும். நம் அப்பாவுக்கு வேண்டாம், அவ்வளவுதான்.

ஆத்திரம் தாங்காமல், தைக்க வாங்கிவைத்திருந்த சீருடைத் துணி மூட்டைக்குள் டப்பாவை ஒளித்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். வழக்கம்போல, "அப்பா, மருந்து சாப்பிட்டீங்களா? தெம்பா இருக்கா?" என்று கேட்டாய். "சாப்பிட்டேன்டா, சிங்கம் மாதிரி இருக்கேன்" என்றார். "விடாம சாப்பிடுங்கப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அப்புறம் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். செத்துத் தொலையப் போகிறீர்களா, அவனிடம் உண்மையைச் சொன்னால் வாய் வெந்துவிடுமா என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "இது இல்லைன்னா அவன் எங்கிட்ட என்னத்தடி பேசுவான்?" என்றார்.

நீ பட்டறையை விட்டுக் கிளம்பிய அன்று, "கல்லு கக்கற பிசினை விக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று அவர் கேட்டதும், இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன் என்று நீ போனதும் எனக்கு மறக்கவில்லை. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பேச்சே இல்லை. உன் முதல் டப்பா கூரியரில் வந்தபோதுதான் அவராகவே உனக்குப் போன் போட்டார். "டேய், இது என் காயில் வார்னிஷ் மாதிரியே நாறுதுடா" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டுத்தான் முதல் வேளையைச் சாப்பிட்டார். அன்றிலிருந்து உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த டப்பாவைத் தவிர வேறு பேச்சு கிடையாது. யோசித்துப் பார், வேறு என்ன பேசியிருக்கிறீர்கள்?

மறுநாள் துணி மூட்டை கலைந்து கிடந்தது. டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளையிடம் சாப்பிட்டேன் என்று சொல்லியாகிவிட்டது, அது பொய்யாகக் கூடாதாம். விட்டுப்போன வேளைக்கும் சேர்த்துச் சாப்பிட்டாராம். பட்டறையில் ஆள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்டா. "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்று அவர் சமாதானம் சொன்னதும் எனக்குப் பயம் இன்னும் அதிகமாகிவிட்டது.

நான் சொன்னால் கேட்கமாட்டார். நீ சொன்னால் கேட்பார். ஆனால் சாப்பிடாதீங்கப்பா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதே. சரி என்பார். அடுத்த வாரம் கேட்க ஒன்றும் இல்லாமல் நீ முழிப்பாய், அதற்கடுத்த வாரம் கூப்பிடமாட்டாய். அவர் மறுபடி மூங்கில் சில்லை எடுத்துவிடுவார். ஆகவே நிறுத்தச் சொன்ன கையோடு வேறு எதையாவது கேள். என் ரூம் ஃபேன் தானாகச் சுற்றமாட்டேன் என்கிறது, தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது, என்ன செய்யட்டும் என்று கேள். அதுகூடத் தெரியாதா தடியா என்று கெபாசிட்டரில் ஆரம்பித்து அரை மணி நேரம் திட்டுவார். வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொள். சொன்னபடியெல்லாம் செய்தேன், இன்னும் சரியாகவில்லை என்று அடுத்த வாரமும் கூப்பிடு.

நீ நன்றாக இரு, உன் தொழிலும் நன்றாக நடக்கட்டும். உன் ஃபேன் மட்டும், அப்பா இருக்கிற வரைக்கும், சரியாகவே வேண்டாம்.

உன் மேல் கோபம் இன்னும் தீராத,
அக்கா