படுக்கையை மடிக்காதே அம்மா

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சந்தியா எழுதுவது.

நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? சாமை அறுப்பு முடிந்ததா?

நீங்கள் எங்கள் கப்பலுக்கு வரப்போவதை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஆட்டம் கம்மியாக இருக்குமென்று கீழ்த்தளத்தில் நடு அறையாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறேன். கப்பல் கிளம்புவதற்கு முதல் நாளே கள்ளக்குறிச்சியில் பஸ் ஏறிவிடுங்கள். அசல் ஆதார், மாத்திரை, ஒரு மாற்றுத்துணி மூன்றும் கைப்பையில் இருக்கட்டும்; பெட்டி சாயங்காலம்தான் அறைக்கு வரும். சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி, அப்பா கூச்சப்படாமல் சாப்பிடலாம். அறையில் வைத்திருக்கும் தண்ணீர் பாட்டிலை மட்டும் திறக்காதீர்கள், அதற்குத் தனிக் காசு. சாப்பாட்டுக் கூடத்தில் தண்ணீர் சும்மாவே கிடைக்கும்.

போன வாரம் நான் சுத்தம் செய்யும் அறையில் உளுந்தூர்பேட்டை அம்மா ஒருவர் தங்கினார். நான் போவதற்குள் படுக்கையை மடித்து, ஈரத் துண்டால் தரையையும் துடைத்துவிட்டார்.

"இன்னாம்மா இது, என் வேலையாச்சே?" என்றேன்.

"நீயும் ஒருத்தி பெத்த பொண்ணுதானே? உன்ன வேல செய்ய வுட்டுட்டு நான் குந்திக்கினு இருக்கறதா?" என்றார்.

அப்போது சோப்புத் தூள் கண்ணில் பட்டுவிட்டது, வேறொன்றுமில்லை.

உன் பழைய புடவை ஒன்று கொண்டு வா அம்மா, இங்கே ஏசி குளிர் ஜாஸ்தி. மணி அடித்துவிட்டார்கள், போக வேண்டும்.

ஒன்று மட்டும். மேலாளரிடம் கெஞ்சிக் கேட்டு உங்கள் அறையை நான் சுத்தம் செய்யும் வரிசையில் போட வைத்திருக்கிறேன். என்னை இங்கே வேலைக்கு அனுப்பியதற்காக நீ ஊரில் வாங்கிய பேச்செல்லாம் எனக்குத் தெரியும் அம்மா. பத்து மாதமாக யார் யாருக்கோ படுக்கை விரித்தேன். மூன்று நாள் உனக்கு விரிக்கிறேன், நீ மடிக்காதே.

சந்தியா