வாளியில் மிஞ்சிய மீன்

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. வேலை போய்விட்டது, மாமாவோடு படகில் ஏறிக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். எந்தப் படகில்?

ஏரி முழுக்க இப்போது நீ விட்ட மீன்தான். விரல் நீளம்கூட இல்லை, முதுகெல்லாம் முள். பெரிய மீன்கள் இடும் முட்டையை மிச்சம் வைக்காமல் தின்கிறது. வலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து என் விரல்கள் புண்ணாகிவிட்டன. கரையில் போட்டால் நாய்கூட மோந்து பார்க்காது. படகை விறகு விலைக்குத் தள்ளிவிட்டு, உன் மாமா ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்குகிறார்.

வெளியாற்றிலிருந்து தூண்டிலுக்குக் கொண்டுவந்த உயிர்மீன் மிஞ்சினால் கரையில் புதைக்கச் சொல்லி, உன்னிடம் அவர் படித்துப் படித்துச் சொன்னார். நீ, "பாவம்க்கா, பொழச்சுப் போகட்டும்" என்று வாளியை ஏரியில் கவிழ்த்தாய். அவர் வந்ததும், "நீங்க ஓரத்துல வச்ச வாளி கவுந்துருச்சு மாமா" என்றாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். கூடப்பிறந்த பாவத்துக்கு, கட்டின புருஷனிடமே வாயை மூடிக்கொண்டேன்.

ஐந்து வருடமாக அந்த மனுஷன் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "என் அஜாக்கிரதையால ஏரியே நாசமாப் போச்சு" என்று, தட்டில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுகிறார். மீனுக்குக் காட்டிய இரக்கத்தில் கால்வாசியை அவருக்குக் காட்டியிருக்கலாம் நீ. நானும்தான்.

வராதே.

இந்த உறையை நான் ஒட்டவில்லை. படித்துவிட்டுத் தபாலில் போடுங்கள் என்று அவரிடமே கொடுக்கப்போகிறேன்.

அக்கா