கவிழ்த்தாலும் விழாத குப்பி

புக்கிட் பாஞ்சாங்
சிங்கப்பூர்
2 மார்ச் 2025

அன்புள்ள மைமூன்,

சுகமா? வாட்ஸ்அப்பில் எழுதினால் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டு நழுவிவிடுகிறாய். ஆகவே தாளும் பேனாவும். கோபன்ஹேகன் குளிருக்கு உதவட்டும் என்று தேக்கா சந்தையில் வாங்கிய சாம்பார்த்தூளைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.

நம் பெப்டைடு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. நீ கணினியில் வடிவமைத்த அந்தக் குட்டிப் புரதத் துண்டுகள், புண்ணில் அமிலம் ஏறினால் மட்டும் தாமாக ஒன்றுசேர்ந்து, இழையாகி, ஜெல்லாக உறைந்து புண்ணை மூட வேண்டும். மற்ற நேரத்தில் தண்ணீராக இருக்க வேண்டும். அதுதானே திட்டம்? செல் வளர்க்கும் திரவத்தில் போட்டேன். அமிலமே இல்லாமல் உறைந்துவிட்டது. குப்பியைக் கவிழ்த்தேன், ஒரு சொட்டும் விழவில்லை. பேராசிரியர் சிதம்பரம் பார்த்துவிட்டு, “டிசைனே தப்பும்மா. ப்ராஜெக்ட்ட க்ளோஸ் பண்ணிடலாம்” என்றார்.

ஜூலையில் என் கான்ட்ராக்ட் முடிகிறது. இது போனால் நானும் போக வேண்டியதுதான்.

உன்
ரஞ்சிதம்

கோபன்ஹேகன்
14 மார்ச் 2025

அன்பு ரஞ்சி,

அல்லாஹ் கிருபையால் நலம். சாம்பார்த்தூள் வந்து சேர்ந்தது. பக்கத்து அறைப் பெண் அதை ரொட்டியில் தூவிச் சாப்பிடுகிறாள். நான் தடுக்கவில்லை.

இங்கே நானும் செய்து பார்த்தேன். வெறும் உப்புக் கரைசலில் தண்ணீராகவே இருக்கிறது. அமிலம் சேர்த்தால் அழகாக உறைகிறது. என் வடிவமைப்பில் கோளாறு இல்லை. கோபப்படாமல் சொல்: குப்பிகளை ஒழுங்காகக் கழுவினாயா? நீ கொஞ்சம் அவசரக்காரி.

உன்
மைமூன்

புக்கிட் பாஞ்சாங்
26 மார்ச் 2025

மைமூன்,

குப்பிகள் புதியவை. பெட்டியைப் பிரித்து நேரே எடுத்தேன். கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு அடுத்தவர் கை அழுக்காகத்தான் தெரியும்.

வேறு சேதி இல்லை.

ரஞ்சிதம்

கோபன்ஹேகன்
7 ஏப்ரல் 2025

அன்புள்ள ரஞ்சி,

உன் கடிதத்தில் ‘அன்புள்ள’ இல்லை, ‘உன்’னும் இல்லை. தாளைப் புரட்டிப் பின்பக்கமும் தேடினேன். நான் கேட்டது தப்பு. மன்னித்துவிடு.

இப்போது நிதானமாக யோசிக்கிறேன். நீ சுத்தமாகச் செய்தாய் என்றால், நான் சொன்னதும் சரி, நீ கண்டதும் சரி. உன் திரவத்தில் இருக்கிற ஏதோ ஒன்று என் உப்புக் கரைசலில் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பொருளை மட்டும் விட்டுவிட்டுக் கலந்து பார்க்கிறாயா? ப்ராஜெக்டை மூடுவதற்கு முன் இதை மட்டும் செய். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை, செய்.

என்றும் உன்
மைமூன்

புக்கிட் பாஞ்சாங்
4 மே 2025

அன்புள்ள, அன்புள்ள மைமூன்,

போன கடிதத்தின் பாக்கியையும் சேர்த்துப் போட்டுவிட்டேன்.

கால்சியம்! அதை விட்டுவிட்டுக் கலந்தபோது தண்ணீராகவே கிடந்தது. துளி சேர்த்தேன், கண்ணெதிரே உறைந்தது. நம் பெப்டைடு அமிலத்துக்கு மட்டுமில்லை, கால்சியத்துக்கும் கூடிக்கொள்கிறது. இரத்தத்தில் கால்சியம் இருக்கிறது, புண்ணில் ஊறும் நீரிலும் இருக்கிறது. அப்படியென்றால் புட்டியில் தண்ணீர், புண்ணில் பட்டதும் ஜெல். அமிலம் ஏறட்டும் என்று காத்திருக்கவே வேண்டாம். நாம் கேட்டதைவிட நல்லதாக வந்திருக்கிறது.

பேராசிரியர் குப்பியைக் கையில் வாங்கிக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். “ஏம்மா, இத முன்னாடியே ஏன் செய்யல?”

“நீங்க க்ளோஸ் பண்ணச் சொன்னீங்க ப்ரொஃப்.”

“நான் சொன்னா நீங்க கேக்கற ஆளா லா?”

என் கான்ட்ராக்டை இரண்டு வருடம் நீட்டிவிட்டார். கட்டுரையில் நம் இருவருக்கும் சமபங்கு. உன் பெயர்தான் முதலில். பெருந்தன்மை ஒன்றும் இல்லை, ம-வுக்குப் பிறகுதான் ர.

இன்னொன்று. வடிவமைப்புக்கு இங்கேயே ஓர் ஆள் எடுக்கிறார்கள். தினமும் சண்டை போட எனக்கு ஆள் வேண்டும். தபால் சண்டைக்குப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

உன்
ரஞ்சிதம்

கோபன்ஹேகன்
11 ஜூன் 2025

என் அன்பு ரஞ்சி,

உனக்குச் சொல்லாமல் விண்ணப்பித்தேன். கிடைக்காமல் போனால் நீதான் அதிகம் அழுவாய் என்று பயம்.

நேற்று ஸூமில் நேர்காணல். வேலை பற்றியெல்லாம் கேட்டு முடித்த பிறகு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “மைமூன், ஒண்ணு கேக்கணும். ரஞ்சிதம் ரொம்பப் பிடிவாதம். உங்களால சமாளிக்க முடியுமா?”

“அவ பிடிவாதக்காரியா இல்லன்னா, நாம இப்ப பேசிக்கிட்டு இருக்க மாட்டோம் ப்ரொஃப்” என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, “எப்ப வர்றீங்க?” என்றார்.

ஆகஸ்ட் முதல் வாரம் வருகிறேன். வந்ததும் எனக்கு இரண்டு நாள் தூக்கம் வேண்டும். சண்டையை மூன்றாம் நாள் வைத்துக்கொள்வோம்.

உன்
மைமூன்